எந்தப் படியில் எத்தனை காலம்: சாடியோ மானேயின் வெளிநாட்டு ஆட்டம்

2019 மார்ச் 13. மியூனிக் மைதானத்தில் 26வது நிமிடம். இங்கிலாந்துக் கிளப் லிவர்பூலின் தடுப்பாளர் வான் டைக் தன் பாதியிலிருந்து நெடும்பந்து ஒன்றைத் தூக்கி அனுப்புகிறார். ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கிளப் தடுப்பாளர் ரஃபீன்யாவை உரசியபடி லிவர்பூலின் செனகல் முன்கள வீரர் சாடியோ மானே ஓடுகிறார். கோல்கீப்பர் நோயர் கோலை விட்டு வெளியே பாய்ந்து வருகிறார். பந்து வலது காலில் விழுந்த வேகத்திலேயே அடங்குகிறது. மானே கோலுக்கு முதுகைக் காட்டி ஒரு சுற்று சுற்றுகிறார். நோயர் ஆளில்லாத பக்கம் போய் நிற்கிறார். பிறகு இடது காலால் ஒரு சின்னத் தூக்கல். கோலை நோக்கி ஓடிவரும் தடுப்பாளர்களின் தலைக்கு மேல் பந்து மிதந்து போய் வலையில் இறங்குகிறது.

அந்தச் சுற்றலைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது அதற்கு முந்தைய மூன்று வினாடி. வான் டைக் தலை நிமிரும் முன்பே மானே கிளம்பிவிட்டார். அந்த ஓட்டம் லிவர்பூலில் பிறந்ததில்லை, செனகலில் பிறந்ததும் இல்லை. அது ஆஸ்திரியாவில் படித்தது. ஆப்பிரிக்க முன்கள வீரர் என்றதும் வேகம், பலம், வறுமை தந்த வெறி என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். எந்தக் கிளப்புக்குப் போனார், அங்கே எத்தனை வருடம் இருந்தார், மைதானத்தின் எந்த மூலையில் நிறுத்தப்பட்டார் என்ற மூன்றும் சேர்ந்துதான் வெளிநாட்டில் ஒரு ஸ்ட்ரைக்கரின், அதாவது கோலடிக்கும் முன்கள வீரரின், தலையெழுத்தை எழுதுகின்றன. மானே விஷயத்தில் இதைப் படிப்படியாகவே பார்க்க முடியும்.

பம்பாலி, செனகலின் தென்கோடியில் காசமான்ஸ் பகுதியில், செடியு மாவட்டத்தில் இருக்கிற கிராமம். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால்தான் அந்தத் தூரம் புரியும். செனகலின் வயிற்றுக்குள் காம்பியா என்ற இன்னொரு நாடு கத்தி போலச் செருகிக் கிடக்கிறது. காசமான்ஸிலிருந்து தலைநகர் டக்காருக்குப் போக ஒன்று அந்த நாட்டைக் குறுக்கே கடக்க வேண்டும், அல்லது கிழக்கே பெரிய வளைவு சுற்ற வேண்டும். காம்பியா நதியின் மேல் ஃபராஃபெனி பாலம் திறந்ததே 2019ல்தான். அதற்கு முன் படகுத்துறையில் லாரிகளோடு வரிசையில் நிற்க வேண்டும். 1992 ஏப்ரல் 10ல் அங்கே ஓர் இமாமின் மகனாகப் பிறந்த மானே, சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். 2002 உலகக் கோப்பையில் செனகல் நடப்புச் சாம்பியன் பிரான்ஸை 1-0 என்று வீழ்த்தியபோது அவருக்கு வயது பத்து. அந்த 23 பேர் கொண்ட அணியில் 21 பேர் பிரான்ஸ் கிளப்களில் ஆடியவர்கள். ஊரில் ஒரு பையனுக்கு அதிலிருந்து கிடைக்கும் செய்தி வேறு என்னவாக இருக்க முடியும்? தேசிய அணிக்குப் போகும் வழி வெளிநாட்டின் வழியாகத்தான் போகிறது என்பதே.

வீட்டில் சொல்லாமல் டக்காருக்கு ஓடினார், குடும்பத்தார் தேடிப் பிடித்துத் திரும்பக் கூட்டிவந்தார்கள், அந்த வருடப் படிப்பை முடித்த பிறகு அனுப்புவதாக ஒப்பந்தமாயிற்று. இது அவரே பல பேட்டிகளில் சொன்னதுதான். தேர்வு நாளில் கிழிந்த பூட்ஸோடும் ஒழுங்கில்லாத அரைக்கால் சட்டையோடும் நின்றவரைப் பார்த்து, இதைப் போட்டுக்கொண்டா ஆடப்போகிறாய் என்று பெரியவர் ஒருவர் கேட்டதையும் அவர்தான் சொன்னார். ஆடி முடித்ததும் எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்துக்கொண்ட இடம் ஜெனரேஷன் ஃபுட். 2000ல் மாடி தூரே தொடங்கிய பயிற்சிக் கூடம், டக்காருக்கு வெளியே தேனி பிராம் ந்தாவில் இருக்கிறது. 2003லிருந்து பிரான்ஸின் மெட்ஸ் கிளப்போடு கூட்டு. மெட்ஸ் பண உதவி செய்யும், பயிற்சியாளர்களை அனுப்பும். பதிலுக்குத் தேறிவரும் பையன்களில் முதல் தேர்வு மெட்ஸுக்கு. டியாஃப்ரா சாகோ, இஸ்மாயிலா சார், பாப் மதார் சார் எல்லோரும் இந்த வழியாகப் போனவர்கள். சாலியில் இருக்கும் தியாம்பார்ஸ் இன்னொரு வழி. இத்ரிசா கேய் அங்கிருந்து லில் போனார்.

இப்படிப்பட்ட கூடங்கள் ஏன் வேண்டியிருக்கிறது என்றால், விதி அப்படி. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் 19வது விதிப்படி 18 வயது நிரம்பாதவரை வேறு நாட்டுக் கிளப்புக்கு மாற்ற முடியாது. சில விலக்குகள் உண்டு, ஆனால் ஆப்பிரிக்கச் சிறுவர்களுக்கு அவை பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே 14, 15 வயதில் கண்ணில் பட்ட பையனை மூன்று நான்கு வருடம் உள்ளூரிலேயே சோறு போட்டு, படிக்கவைத்து, புல்தரையில் ஆடப் பழக்கி வைத்திருக்க ஓர் இடம் தேவை. அந்த இடம் கிடைக்காதவர்களைக் குறிவைத்துத்தான் போலி ஏஜென்ட்கள் சுற்றுகிறார்கள். மழைக்காலத்தில் பேட்டைக்குப் பேட்டை நடக்கும் நவெட்டான் போட்டிகளில் நன்றாக ஆடும் பையனைப் பிடிப்பார்கள். ஐரோப்பியக் கிளப் ஒன்றில் தேர்வு இருக்கிறது என்பார்கள். விமானக் கட்டணம், விசா, சான்றிதழ் என்று குடும்பத்திடம் வாங்குவார்கள், நிலத்தை விற்றுக் கொடுத்தவர்கள்கூட உண்டு. ஏதோ ஒரு நகரத்தில் இறக்கிவிட்டபின் கைபேசி எடுக்க மாட்டார்கள். தேர்வு என்று ஒன்று உண்மையிலேயே இருந்தால் கிளப்பின் அழைப்புக் கடிதம் கிளப்பின் முகவரியிலிருந்தே வரும், செலவைக் கிளப் ஏற்கும், பையன் 18 தாண்டியிருப்பான். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் காசைக் கையிலிருந்து விடக்கூடாது.

மானே 2011ல் மெட்ஸ் போய்ச் சேர்ந்தார், 19 வயதில். போகும்போதே உடம்பில் ஒரு கோளாறு. இடுப்புக்குக் கீழே, அந்தரங்க எலும்பை ஒட்டிய வலி, பியூபால்ஜியா என்பார்கள். அடிவயிற்றுத் தசைகள் அந்த எலும்பை மேலே இழுக்கும், தொடையின் உள்பக்கத் தசைகள் கீழே இழுக்கும். வேகமாக ஓடித் திடீரென்று நின்று திரும்பும் முன்கள வீரனுக்கு இந்த இழுபறி ஓயவே ஓயாது. இறுகிய தரையில் ஆடிப் பழகிய உடம்புக்கு இன்னும் மோசம். ஆரம்பத்திலேயே சொன்னால் சில வாரம் ஓய்வு, தசைகளைச் சமமாக வலுவாக்கும் பயிற்சி என்று பெரும்பாலும் தீர்ந்துவிடும். மானே சொல்லவில்லை. வலி என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். மறைத்து ஆடினார், முற்றியது, அறுவை சிகிச்சைக்குப் போனது, பல மாதம் போயிற்று. ஊரைவிட்டு முதல்முறை வந்த பையன், மைனஸ் குளிர், மொழி பாதி, ஆட முடியாத கால். எத்தனையோ பேரின் கதை இந்த இடத்திலேயே முடிந்திருக்கிறது. பயிற்சிக் கூடங்களில் முதல் நாளே சொல்லித்தர வேண்டியது இது ஒன்றுதான்: வலியைச் சொன்னால் யாரும் அனுப்பமாட்டார்கள், மறைத்தால்தான் வருடமே போகும்.

2012 ஜனவரியில் பாஸ்தியாவுக்கு எதிராக மாற்று வீரராக முதல் ஆட்டம். அந்தப் பருவத்தில் மெட்ஸ் மூன்றாம் நிலைக்கு இறங்கிப்போனது. எண்ணிக்கையைப் பார்த்தால் ஒன்றுமில்லை, 22 ஆட்டத்தில் 2 கோல். ஆனால் அதே கோடையில் லண்டன் ஒலிம்பிக்கில் செனகல் காலிறுதி வரை போனது, அங்கே அவரை எல்லோரும் பார்த்தார்கள். ஆகஸ்ட் 31, வீரர்களை வாங்கி விற்கும் சந்தை மூடும் நாளில், சுமார் 40 லட்சம் யூரோவுக்கு ஆஸ்திரியாவின் ரெட்புல் சால்ஸ்பர்க் வாங்கியது. இறங்கிப்போன மெட்ஸுக்கு அந்தக் காசு அவசியம்.

இந்த இரண்டாம் படிதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரியது. பெயர் பெற்ற லீக் அல்ல, தொலைக்காட்சியில் யாரும் பார்க்காத லீக். ஆனால் அங்கே பயிற்சியாளர் ரோஜர் ஷ்மிட். அவருடைய ஆட்டத்தில் பந்து பறிபோன மறுகணமே முன்களம்தான் முதலில் பாய வேண்டும். எதிரணித் தடுப்பாளன் நிமிர்ந்து பார்க்கும் முன் அவன்மேல் ஒருவன், அவன் தரக்கூடிய பாஸின் பாதையில் இன்னொருவன். சில வினாடிகளுக்குள் பந்து திரும்ப வந்துவிட்டால், எதிரணி கலைந்து கிடக்கும். அந்தக் கணத்தில் நேராகக் கோலை நோக்கி ஓட வேண்டும். இதை வாரத்துக்கு ஐந்து நாள், இரண்டு வருடம் செய்தால் உடம்பே பழகிவிடும். பந்தைப் பார்த்து ஓடுவது போய், பந்தை வைத்திருப்பவனின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து ஓடும் பழக்கம் வந்துவிடும். 2014 ஜனவரியில் ஒரு நட்பு ஆட்டத்தில் குவார்டியோலா பயிற்சியளித்த பயர்னை சால்ஸ்பர்க் 3-0 என்று அடித்தது. அடுத்த மாதம் யூரோப்பா லீகில் அயாக்ஸை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-1. லீகும் கோப்பையும் ஒரே பருவத்தில். மானேக்கு 87 ஆட்டங்களில் 45 கோல்.

கிளம்பிய விதம் மட்டும் அழகாக இல்லை. 2014 ஆகஸ்டில் மால்மோவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று ஆட்டத்துக்கு முன் அணியோடு சேராமல் போனார், கிளப் தோற்று வெளியேறியது. சில நாளில் 1.18 கோடி பவுண்டுக்கு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன்.

சவுத்தாம்ப்டனில் பயிற்சியாளர் கூமனிடம் இரண்டு வருடம், 75 ஆட்டம், 25 கோல். எல்லோரும் நினைவில் வைத்திருப்பது 2015 மே 16, ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரான 2 நிமிடம் 56 வினாடி. பிரீமியர் லீகில் மிக வேகமான ஹாட்ரிக், ஒரே ஆட்டத்தில் மூன்று கோல். 1994ல் ராபி ஃபவுலர் வைத்த 4 நிமிடம் 33 வினாடியை உடைத்தது. அந்த மூன்றையும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முதலாவது, தான் அடித்து கோல்கீப்பர் தடுத்த பந்தைத் தானே திரும்ப அடித்தது. இரண்டாவது, வில்லா தடுப்பாளர்கள் தங்கள் கீப்பருக்கே பின்னால் தட்டிய தளர்ந்த பந்தை மோப்பம் பிடித்துப் போனது. மூன்றாவதுதான் ஷேன் லாங் தந்த பாஸில் அழகாக அடித்தது. முதல் இரண்டும் சால்ஸ்பர்க் பாடம். பந்து யாருக்கும் சொந்தமில்லாத அரை வினாடியில் முதலில் கிளம்புகிறவன் இவன்தான்.

2016 ஜூனில் 3.4 கோடி பவுண்டுக்கு லிவர்பூல். அப்போது அது ஆப்பிரிக்க வீரர் ஒருவருக்கு உச்ச விலை. அங்கே பயிற்சியாளரான க்ளோப்பின் ஆட்டமும் ஷ்மிட்டின் ஆட்டமும் ஒரே வேரில் முளைத்தவை என்பதால் புதிதாகப் பழக வேண்டியது குறைவு. முதல் பருவம் வலப்பக்கம். 2017ல் சாலா வந்ததும் இடப்பக்கம் மாற்றினார்கள், அங்கேதான் இயந்திரம் முழுதாகப் பொருந்தியது. நடுவில் நிற்கும் ஃபிர்மீனோ ஸ்ட்ரைக்கர் போல முன்னால் நிற்கமாட்டார், பின்னால் இறங்குவார். எதிரணி நடுத்தடுப்பாளன் அவரைத் தொடர்ந்து இரண்டடி முன்னால் வந்தால் அவனுக்குப் பின்னால் ஒரு பொந்து. அதே நேரம் இடப்பக்க ஃபுல்பேக், அதாவது ஓரத் தடுப்பாளர், ராபர்ட்சன் கோட்டை ஒட்டி மேலேறுவார், எதிரணி வலது ஃபுல்பேக் அவரைக் கவனிக்க வெளியே இழுபடுவான். அந்த இருவருக்கும் நடுவே திறக்கும் சந்தில், வெளியிலிருந்து உள்ளே சாய்வாக, வலது காலை நல்ல கோணத்தில் வைத்துக்கொண்டு மானே ஓடி வருவார். பெயருக்கு ஓரத்தில் ஆடும் விங்கர், வேலை ஸ்ட்ரைக்கர் வேலை. 2018-19ல் லீகில் 22 கோல் அடித்து சாலா, ஆபமயாங் இருவரோடும் அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியைப் பகிர்ந்துகொண்டார். அந்த வருடம் சாம்பியன்ஸ் லீக், அடுத்த வருடம் லீக் பட்டம். ஆறு பருவத்தில் 269 ஆட்டம், 120 கோல்.

மைதானத்தில் நிற்கும் இடம் மாறினால் கோல் வற்றும் என்பதற்கு இங்கிலாந்தின் நியூகாஸில் கிளப் நல்ல சாட்சி. அங்கே தெம்பா பா என்ற செனகல் ஸ்ட்ரைக்கர் கோல் மேல் கோல் அடித்துக்கொண்டிருந்தார். 2012 ஜனவரியில் ஃப்ரைபுர்க்கிலிருந்து பாபிஸ் சிஸ்ஸே வந்தார். நடு இடம் அவருக்கு, பா இடப்பக்கத்துக்கு. சிஸ்ஸே 14 லீக் ஆட்டத்தில் 13 கோல். பாவின் கோல் அநேகமாக நின்றே போனது. ஒரே நாடு, ஒரே அணி, இருவருமே கோலடிக்கத் தெரிந்தவர்கள், நின்ற இடம்தான் வேறு. அடுத்த ஜனவரியில் பா செல்சிக்குப் போய்விட்டார்.

தேசிய அணி இன்னொரு பாரம். ஆப்பிரிக்கக் கோப்பை பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில், ஐரோப்பிய லீக் உச்சத்தில் இருக்கும்போது வரும். கிளப் விடுவித்தே ஆக வேண்டும் என்பது விதி, ஆனால் இடத்தை வைத்திருக்க வேண்டும் என்று விதி இல்லை. 2017 ஜனவரியில் மானே போனபோது லிவர்பூல் லீகில் அந்த மாதம் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அது அவர் மதிப்பைக் கூட்டியது. சாதாரண வீரனுக்கு நடப்பது நேர்மாறு, திரும்பி வரும்போது அவன் இடத்தில் வேறொருவன் காலூன்றியிருப்பான்.

அந்த 2017ல் காலிறுதி, கேமரூனுக்கு எதிராக. பெனால்டியில் ஐந்தாவதாக மானே அடித்தது தடுக்கப்பட்டது, செனகல் வெளியேறியது. 2019 இறுதியில் அல்ஜீரியாவிடம் தோல்வி. 2022 பிப்ரவரி 6, யவுண்டேயில் எகிப்துக்கு எதிரான இறுதியில் ஏழாவது நிமிடமே பெனால்டி. லிவர்பூல் சகா சாலா கீப்பர் கபாஸ்கியிடம் போய் ஏதோ சொல்கிறார். மானே பலம் கொண்ட மட்டும் அடிக்கிறார், பந்து கீப்பருக்கு எட்டும் உயரத்தில் போகிறது, தடுத்துவிடுகிறார். வேகம் மட்டும் போதாது; கீப்பர் திசையைச் சரியாகப் பிடித்துவிட்டால் நெஞ்சு உயரப் பந்து அவர் கைக்கு நேரே வருகிற பந்து. 120 நிமிடம் கோலில்லாமல் முடிந்து மறுபடி பெனால்டி. ஐந்தாவது அடி, மறுபடி மானே. இந்த முறை தாழ்வாக, மூலைக்கு. 4-2. செனகலுக்கு முதல் ஆப்பிரிக்கக் கோப்பை. மார்ச் மாத இறுதியில் தியாம்னியாதியோவில் அதே எகிப்து, உலகக் கோப்பைத் தகுதிக்கு. கடைசிப் பெனால்டி மறுபடி அவர் காலில், மறுபடி கோல். தவறவிட்ட அன்றே திரும்ப அடிக்க முன்வருவதற்கு வேண்டிய நெஞ்சுரம் சாதாரணமானதல்ல.

அந்த ஜூனில் பயர்ன் மியூனிக், 3.2 கோடி யூரோ, மேலும் சில நிபந்தனைத் தொகைகள். மூன்று வருடத்துக்கு முன் நோயரைச் சுற்ற வைத்தவரை அவர்களே வாங்கினார்கள். படி தவறியது இங்கேதான். சில வாரத்தில் லெவண்டோவ்ஸ்கி பார்சிலோனாவுக்குப் போய்விட, பயிற்சியாளர் நாகல்ஸ்மன் கூர்முனை ஸ்ட்ரைக்கர் இல்லாமல் மானேவையும் ஞாப்ரியையும் ஜோடியாக முன்னால் நிறுத்தினார். முதல் லீக் ஆட்டத்தில் ஃப்ராங்க்ஃபுர்ட்டை 6-1 என்று அடித்தபோது பிரச்சினை தெரியவில்லை. ஆனால் ஜெர்மனியில் பயர்னுக்கு எதிராகப் பல அணிகள் தங்கள் பெனால்டி பெட்டிக்கு முன்னால் குவிந்து நிற்கும். தடுப்பாளர்களுக்குப் பின்னால் ஓடுவதற்கு இடமே இருக்காது. அங்கே வேண்டியது முதுகில் ஆளைத் தாங்கிப் பந்தைப் பிடித்து வைக்கும் உயரமான ஆள். வெளியிலிருந்து உள்ளே ஓடிவந்து கோல் அடிக்கும் ஒருவரை நடுவில் நிறுத்தி வைத்தால் அவருடைய ஓட்டமே பறிபோகிறது. கடைசியில் ஷுப்போ-மோட்டிங்தான் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார்.

2022 நவம்பர் 8, பிரேமனுக்கு எதிராக வலது காலில் அடி. ஃபிபுலாவின் தலை என்கிற, முழங்காலுக்கு வெளிப்பக்கம் கைக்குத் தட்டுப்படும் அந்தச் சின்ன எலும்பு முண்டில் தொடைப் பின்தசையின் தசைநாண் வந்து ஒட்டுகிறது. அந்த நாண் கழன்றிருந்தது; இன்ஸ்புருக்கில் அறுவை சிகிச்சை செய்து மறுபடி எலும்போடு பொருத்தினார்கள். உலகக் கோப்பை போயிற்று. பிப்ரவரி இறுதியில்தான் மைதானம் கண்டார். ஏப்ரலில் மான்செஸ்டர் சிட்டியிடம் தோற்றபின் உடைமாற்றும் அறையில் லெராய் சானேவோடு கைகலப்பு, ஓர் ஆட்டத் தடை, அபராதம். 38 ஆட்டம், 12 கோலோடு 2023 ஆகஸ்டில் சவுதியின் அல் நஸ்ருக்குப் போனார். 31 வயதில், அறுவை சிகிச்சை முடிந்த காலோடு, அது தவறான முடிவு என்று எனக்குத் தோன்றவில்லை.

இதே மெட்ஸ் வழியில் போன இஸ்மாயிலா சாரை ஒப்பிட்டால் படியின் அருமை தெரியும். ரென்னிலிருந்து 2019ல் நேராக வாட்ஃபர்டுக்கு, அந்தக் கிளப்பின் சாதனை விலையில். முதல் பருவத்திலேயே கிளப் இறங்கிப்போய், அவருடைய நல்ல வருடங்களில் பாதி இரண்டாம் நிலையில் கழிந்தது. 2024ல் கிறிஸ்டல் பேலஸ் வந்தபின்தான் மூச்சு வந்தது.

கடைசியாகக் காசுக் கணக்கு ஒன்று. ஒப்பந்தம் முடியும் முன் வீரர் இன்னொரு கிளப்புக்கு மாறினால், விலையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கிளப்களுக்குப் போக வேண்டும் என்று ஃபிஃபா விதி இருக்கிறது. 12 முதல் 15 வரை வருடத்துக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை வருடத்துக்கு 0.5. லிவர்பூல் கொடுத்த 3.4 கோடி பவுண்டில் ஒரு 0.5 சதவீதம் என்றால் 1,70,000 பவுண்டு. தேனி பிராம் ந்தா போன்ற இடத்தில் அது சிறு தொகை இல்லை. ஆனால் பங்கு வாங்க அந்த வருடம் பையன் ஒரு கிளப்பில் பதிவாகியிருக்க வேண்டும், ஆவணம் இருக்க வேண்டும். 2022 நவம்பரிலிருந்து ஃபிஃபாவின் தீர்வகம் (கிளியரிங் ஹவுஸ்) இதைத் தானாகவே கணக்குப் போட்டுப் பிரிக்கிறது, அதற்கும் அடிப்படை அதே பதிவுதான். பயர்ன் கொடுத்த 3.2 கோடி யூரோவில் 12 முதல் 15 வயது வரைக்கான ஒரு சதவீதம் 3,20,000 யூரோ. பதிவுபெற்ற கிளப் இல்லாத கிராமத்தில் பையன் அந்த நான்கு வருடமும் ஆடியிருந்தால், அந்தப் பங்குக்கு உரிமை கேட்க ஆளே இல்லை. பம்பாலியில் இன்று நிற்கும் உயர்நிலைப் பள்ளியும், 2021ல் திறந்த மருத்துவமனையும் இந்த விதியின் வழியே வந்தவை அல்ல. இரண்டும் மானே தன் சம்பளத்திலிருந்து கட்டிக்கொடுத்தவை. அவருடைய தந்தை நோயுற்றபோது அந்த ஊரில் மருத்துவமனை இல்லை.